இல்லறத்தின் எழுவாய்

நம்மவர் இல்லங்களில் நன்னாட்களுக்குக் குறைவில்லை. குழந்தை பிறந்து முப்பத்தோராம் நாளிலே துடக்குக் கழித்து உற்றார் உறவினரை அழைக்கின்றோம். முதற்பல் அரும்பியதும் கொழுக்கட்டை அவித்து, தேங்காய்ச் சொட்டைப் பல்லாகப் பதித்து, வெள்ளைத் துணியில் இருத்திய குழந்தையின் தலைமேற் சொரிந்து, ஏட்டையும் எழுதுகோலையும் பொன்னையும் முன்னே வைத்து, எதை எடுக்கின்றது என்று ஆவலோடு பார்க்கின்றோம். விசயதசமியன்று தட்டிற் பரப்பிய அரிசியிலே பிஞ்சு விரலைப் பிடித்து அகரம் எழுதுவிக்கின்றோம். பெண்பிள்ளையாயின் நீராட்டு விழா, ஐந்தாந்தரப் புலமைப்பரிசில் கிடைத்தால் ஒரு விருந்து, பல்கலைக்கழகம் புகுந்தால் இன்னொரு விருந்து, அதன்பின் கலியாணம்.

இந்நன்னாட்களையெல்லாம் ஒரு நிரையாக நிறுத்தி நோக்குவோர்க்கு ஓருண்மை புலனாகும். இவை யாவும் பிள்ளைகளின் நாட்கள். அப்பிள்ளைகளைப் பெற்ற இருவரும் அந்நாட்களில் என்ன செய்கின்றனர்? ஒருவர் பந்தற்காரருக்குப் பணம் எண்ணிக் கொடுக்கின்றார். மற்றவர் அடுப்படியிலே நிற்கின்றார். நிழற்படம் எடுக்கும்போது மாத்திரம் இருவரும் பிள்ளையின் இரு மருங்கிலும் வந்து நிற்பர். படம் எடுத்து முடிந்தபின் அன்றிரவு பந்தல் பிரிக்கும்வரை அவர்கள் ஒருவரோடொருவர் நின்று நாலு வார்த்தை பேசியிருப்பரோ என்பது ஐயமே.

பிள்ளைகளுக்கு விழா எடுப்பதை யான் குறைகூற வரவில்லை. மக்கட்பேற்றைப் பெரும்பேறாகப் போற்றிய மொழி நம்முடையது. என் வினா வேறு. இல்லறம் என்னும் வாக்கியத்துக்கு எழுவாய் யார்? கணவனும் மனைவியுமாகிய இருவரா, அவர் பெற்ற மக்களா? இவ்வினாவை நம் நூல்களிடமும் நம் வழக்கங்களிடமும் கேட்டுப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

அறுபதாம் கலியாணம்

தம்பதியர்க்கென நம் முன்னோர் வகுத்த நன்னாள் அறவே இல்லையென்று சொல்லுதல் பொருந்தாது. அறுபதாம் கலியாணம் இருக்கின்றது. பிரபவ முதல் அட்சய ஈறாக ஆண்டுகள் அறுபது. ஒருவர் எப்பெயருடைய ஆண்டிலே பிறந்தாரோ அப்பெயருடைய ஆண்டு மீண்டும் வருதற்கு அறுபது ஆண்டு செல்லும். வியாழன் இராசி மண்டலத்தை ஒருமுறை சுற்றிவர ஏறத்தாழப் பன்னிரண்டு ஆண்டும், சனி சுற்றிவர ஏறத்தாழ முப்பது ஆண்டும் ஆகும். பன்னிரண்டும் முப்பதும் மீதியின்றி அடங்கும் எண்களுள் மிகச் சிறியது அறுபது. ஆகவே ஒருவர் பிறந்தபோது இவ்விரு கோள்களும் நின்ற இடத்தை அண்டி அவை மறுபடியும் வந்து நிற்கும் காலமே அறுபது நிரம்பும் காலம். வானமே ஒரு சுற்று முடித்துத் தொடங்கிய இடத்துக்கு வரும்போது, மனிதரும் தம் இல்வாழ்க்கையைத் தொடங்கிய மணவறைக்கு வருகின்றனர். கும்ப நீரைப் பிள்ளைகள் பெற்றோரின் தலைமேல் வார்க்கின்றனர். கணவர் மனைவியின் கழுத்திலே மீண்டும் தாலி கட்டுகின்றார். பெற்றோரின் கலியாணத்தைப் பிள்ளைகள் கண்ணாற் காணும் பேறு இந்த ஒரு நாளிலேதான் வாய்க்கின்றது.

தமிழ்நாட்டுத் திருக்கடவூர் இதற்கெனப் பெயர்பெற்ற தலம். மார்க்கண்டேயருக்காகக் காலனை இறைவன் உதைத்த இடமென்று போற்றப்படும் அக்கோயிலிலே அறுபதும் எண்பதும் நிரம்பியோர் வந்து மாலை மாற்றிக்கொள்கின்றனர். 2023 ஒக்டோபரிலே நாகபட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குப் பயணிகள் கப்பல் வந்தது. அச்செய்தியைப் பத்திரிகையிற் படித்த என் அயலவரான முதியவர் ஒருவர், அங்கிருந்து திருக்கடவூர் எவ்வளவு தூரம் என்றே முதலிற் கேட்டார். மனைவியாரோ பக்கத்தில் நின்று சிரித்தார்.

எனினும் இந்த நன்னாளிலும் எனக்கு இரண்டு குறைகள் தோன்றுகின்றன. ஒன்று, அது கணவரின் வயதைக் கொண்டு கணிக்கப்படுவது. மனைவிக்கு அன்று ஐம்பத்திரண்டாகவும் இருக்கலாம், ஐம்பத்தெட்டாகவும் இருக்கலாம். அதனை எவரும் எண்ணுவதில்லை. இருவரும் கூடி வாழ்ந்த காலத்தையும் எவரும் எண்ணுவதில்லை. மற்றது, அது மிகப் பிந்தி வருவது. இருபத்தெட்டு வயதிலே மணஞ்செய்தவர் அடுத்த மணவறையைக் காண முப்பத்திரண்டு ஆண்டு காத்திருத்தல் வேண்டும். அந்த நீண்ட இடைவெளியிலே கணவன், மனைவி என்ற பெயர்கள் தேய்ந்து, அப்பா, அம்மா என்ற பெயர்களே வீட்டில் எஞ்சுகின்றன. ஒருவரையொருவர் அழைப்பதும் அப்பெயர்களாலேதான்.

ஒடு உருபு தரும் பாடம்

தொல்காப்பியம் கற்பியலை முடிக்குமிடத்து ஒரு நூற்பாவைத் தமிழ் மாணவர் மறந்திருக்கமாட்டார். காமநுகர்ச்சி நிரம்பிய பிற்காலத்திலே, காவலாகிய மக்களொடு நெருங்கி, அறம்புரியும் சுற்றத்தொடு கூடி, கிழவனும் கிழத்தியும் சிறந்ததனைப் பயிலுதலே கழிந்த வாழ்வின் பயன் என்பது அதன் திரண்ட பொருள். வகுப்பிலே இதனைக் கற்பிக்கும்போதெல்லாம் நான் மாணவரைக் கேட்பது ஒரே கேள்வி: இவ்வாக்கியத்தின் எழுவாய் எது? சிலர் மக்கள் என்பர். சிலர் சுற்றம் என்பர். சற்றே நிதானித்தவர்தான் கிழவனும் கிழத்தியும் என்பர். மக்களும் சுற்றமும் ஒடு உருபு ஏற்று உடனிகழ்ச்சிப் பொருளில் நிற்கின்றனர். பயிலுதல் என்னும் வினை இருவருக்கே உரியது.

இலக்கணம் வல்லோர் இங்கே ஒரு தடை எழுப்பலாம். உடனிகழ்ச்சியிலே ஒடு உருபு உயர்ந்ததன் வழியே வரும் என்று சொல்லதிகாரம் விதித்திருக்கின்றதே. அரசனொடு சேவகர் வந்தனர் என்று சொல்லுகின்றோமேயன்றிச் சேவகரொடு அரசன் வந்தான் என்று சொல்லுதல் சிறப்பன்றே. அங்ஙனமாயின் இந்நூற்பாவிலே உயர்வு மக்களுக்கே தரப்பட்டதன்றோ என்பர். தரப்பட்டதென்றே கொள்வோம். மக்களுக்கு உயர்வு கொடுத்தும் எழுவாயின் இடத்தை மட்டும் கொடாத நுட்பத்தை வியவாதிருக்க முடியவில்லை. நம் வீடுகளிலே பிள்ளைகளுக்கு ஒடு உருபின் உயர்வு கிடைத்திருக்கின்றது, அதிற் பிழையில்லை. ஆனால் எழுவாய் வாக்கியத்திலிருந்தே மறைந்துவிட்டது. எழுவாய் தோன்றாது நின்ற வாக்கியத்துக்கு இலக்கணம் இடந்தரும். தோன்றா எழுவாயோடு ஓர் இல்லம் எத்தனை ஆண்டு நடக்கும்?

வள்ளுவரின் வைப்புமுறையையும் இங்கே நோக்குக. அறத்துப்பாலிலே இல்வாழ்க்கையை அடுத்து வாழ்க்கைத் துணைநலம் வருகின்றது. மக்கட்பேறு அதன்பின்னரே வருகின்றது. துணை முன், மக்கள் பின். அறத்துப்பாலுக்கு 38 அதிகாரம், பொருட்பாலுக்கு 70 அதிகாரம் வகுத்த அவர், இருவருக்கிடையேயுள்ள அன்புக்கு மட்டும் 25 அதிகாரம், 250 குறள் ஒதுக்கினார். அவ்விருநூற்றைம்பதிலும் மக்கட்பேறு பேசுபொருளாகவில்லை. மக்களைப் பற்றி அவர் சொல்லவேண்டியதை அதற்குரிய இடத்திலே சொல்லிவிட்டார். அவர் தம் நூலை நிறைவு செய்ததோ ஊடலுவகையிலே. கணவனும் மனைவியும் ஊடிக் கூடும் இன்பத்தைப் பாடி முடித்த ஓர் அறநூலை வைத்திருக்கும் நாம், அவ்விருவரும் தனித்து நாலுநாள் எங்கேனும் சென்றுவந்தால் அது மேனாட்டு நாகரிகம் என்று முகஞ்சுளிப்பது விந்தையன்றோ?

நடுவிற் கிடந்த குட்டி

பிள்ளை பிறந்தபின்னும் தலைவனும் தலைவியும் தலைவனும் தலைவியுமாகவே இருந்தனர் என்பதற்கு ஐங்குறுநூற்று முல்லையைவிட இனிய சான்று எனக்குத் தெரியாது. அதனைப் பாடியவர் பேயனார். முதற் பத்துச் செவிலி கூற்றுப் பத்து. மணமாகிச் சென்ற மகளின் மனையைச் செவிலி கண்டுவந்து நற்றாய்க்குச் சொல்லுகின்றாள். முதற் பாட்டிலே, குட்டியை நடுவே கிடத்திய மானும் பிணையும் போலப் புதல்வன் நடுவிலே கிடக்க அவ்விருவரும் இனிது கிடந்தனர் என்கின்றாள். அடுத்த பாட்டிலே, புதல்வனைத் தழுவிக் கிடந்த தாயின் முதுகைத் தலைவன் தழுவிக் கிடந்தான் என்கின்றாள். அக்காட்சி பாணர் வருடிய யாழ்நரம்பின் இசைபோல் இனித்தது என்கின்றாள். குறுந்தொகையிலே கூடலூர் கிழார் காட்டும் புதுமனைவி தன் கையாற் சமைத்த புளிக்குழம்பைக் கணவன் இனிதென்று உண்டதும் முகம் நுண்ணிதாக மலர்ந்தாளே, அதனைக் கண்டுவந்து சொன்னவளும் ஒரு செவிலியே.

இங்கே எண்ணத்தக்கது ஒன்றுண்டு. செவிலி எதனைப் பார்க்கச் சென்றாள்? பேரப்பிள்ளைக்குப் பல் முளைத்ததா என்று பார்த்துவரவில்லை. மகளும் மருமகனும் ஒருவருக்கொருவர் இனியராயிருக்கின்றனரா என்பதையே பார்த்துவந்தாள். அதுவே நற்றாய்க்கு உவகை தந்த செய்தி. சிலப்பதிகாரத்திலும் கோவலனின் தாய், புதுமணமக்களைப் பெரிய குடும்பத்தின் நெருக்கத்திலிருந்து பிரித்து, வேண்டும் செல்வத்தோடு தனிமனையிலே இருத்தினாள் என்று படிக்கின்றோம். இளையோரின் தனிமையைப் பேணுதல் முதியோரின் கடமையென்று அக்காலத்தார் கருதியிருந்தனர்.

இருவர் சென்ற வழிகள்

தேனிலவு என்னும் சொல் நமக்குப் புதிது, ஆங்கிலத்திலிருந்து பெயர்த்துக்கொண்டது. பொருள் புதிதன்று. கம்பர் சித்திரகூடப் படலத்திலே இராமன் சீதைக்கு மலைவளங் காட்டும் பகுதியை நினைவுகூர்க. நாடிழந்து காடு வந்தவன் மனைவியை அருகிலே நிறுத்தி, அதோ பார், இதோ பார் என்று யானையையும் மயிலையும் அருவியையும் ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டே போகின்றான். காளிதாசரின் இரகுவமிசம் பதின்மூன்றாஞ் சருக்கம் இதனினும் நுட்பமானது. இலங்கையிலிருந்து திரும்பும் வான்வழியிலே இராமன் கீழேயுள்ள நிலத்தைக் காட்டி, நின்னைத் தேடி அலைந்தபோது நின் சிலம்பு ஒன்று கிடக்கக் கண்டது இவ்விடம் என்று சொல்லுகின்றான். பிரிந்திருந்த காலத்திலே ஒருவர் பட்டது மற்றவருக்குத் தெரியாது. அதனைச் சொல்லுதற்கு ஒரு பயணம் வேண்டியிருந்தது. இந்நூலைத் தமிழிலே பாடித் தந்தவர் நம் நல்லூர் அரசகுலத்தோடு உறவுடைய அரசகேசரி என்பது நமக்குப் பெருமை.

பிற்காலத்திலே நம்மவர் இப்பயணத்தைத் தலயாத்திரை என்ற பெயரால் நடத்தினர். திருவாதிரைக்குச் சிதம்பரம் செல்லப் பாய்க்கப்பலேறிய யாழ்ப்பாணத்தார் பலர். அங்கே தம் ஊரவர் தங்குதற்கு மடங்களும் கட்டிவைத்தனர். கதிர்காமத்துக்குக் கால்நடையாகச் சென்றோர் பலர். கூட்டமாகச் சென்றனராயினும், அக்கூட்டத்தில் ஒவ்வொரு கிழவனும் கிழத்தியும் அடுப்படியையும் வயலையும் பிள்ளைகளையும் வீட்டிலே விட்டு, பலநாள் ஒரே மரநிழலிலே கட்டுச்சோறு அவிழ்த்து உண்டனர். பிள்ளைகளை மாமியோ பெரியம்மாவோ பார்த்துக்கொண்டனர். இறைவன் பெயரால் கிடைத்த அத்தனிமையைச் சனமும் குறைசொல்லவில்லை.

எங்கள் தலைமுறைக்கு இவ்வழிகளெல்லாம் அடைபட்டிருந்தன. 1990இல் யாழ்ப்பாணத்துக்குப் புகைவண்டி நின்றது. 1995 ஒக்டோபர் இறுதியிலே வலிகாமத்து மக்கள் ஓரிரவில் தென்மராட்சி நோக்கிப் பெயர்ந்தனர். எனக்கு மணமானது 1998இல். குடாநாட்டை விட்டு வெளியேற அனுமதிச் சீட்டு வேண்டியிருந்த காலம் அது. 2002இல் ஏ9 பாதை திறந்தது. 2006 ஆகஸ்டிலே மீண்டும் மூடப்பட்டது. யாழ்ப்பாணத்துக்குப் புகைவண்டி திரும்பவும் வந்தது 2014 ஒக்டோபரிலேதான். அப்போது எங்களுக்கு மூன்று பிள்ளைகள். போரிலே பிள்ளைகளைக் காத்ததே பெரிதாயிருந்த பெற்றோர்க்கு, பாதை திறந்தபின்னும் தாம் இருவராய் எங்கேனும் செல்லலாம் என்ற எண்ணமே எழவில்லை. என் வயதொத்த ஆசிரியர் பலர் வீட்டிலும் இதுவே நிலை.

கோணமலையில் மூன்று நாள்

2023இலே எங்கள் மணவாழ்வுக்கு இருபத்தைந்து ஆண்டு நிரம்பியது. மண்டபம் எடுத்து வெள்ளிவிழாச் செய்யவேண்டுமென்று உறவினர் சொல்லினர். பல்கலைக்கழகத்தில் பயிலும் மூத்த மகள் மறுத்தாள். “மண்டபமும் வேண்டாம், கேக்கும் வேண்டாம். நீங்கள் ரெண்டு பேரும் மூண்டு நாளைக்கு எங்கையாவது போட்டு வாங்கோ. தம்பியையும் தங்கச்சியையும் நான் பாக்கிறன்” என்றாள். மகனுக்கு உயர்தர வகுப்பு. இளையவளுக்குப் பதினைந்து வயது. என் மனைவிக்கு மனம் ஒப்பவில்லை. “பிள்ளையளை விட்டிட்டு என்னெண்டு போறது? சனம் என்ன சொல்லும்?” என்றார். திண்ணையில் இருந்த மாமிதான் முடிவு சொன்னார். “போட்டு வா பிள்ளை. நானும் கொப்பரும் ஒருக்காக் கதிர்காமம் போனனாங்கள். அவர் போய்ச் சேர்ந்த பிறகு எனக்கு மிஞ்சியிருக்கிறது அந்தக் கதைதான்.” அதன்பின் எவரும் எதிர்மொழி பேசவில்லை.

பேருந்து கிளிநொச்சியைக் கடக்கும்வரை பிள்ளைகளைப் பற்றியே பேசினோம். மகன் வகுப்புக்குப் போவானா, மாட்டுக்கு வைக்கோல் போடுவார்களா, வெள்ளிக்கிழமை விளக்கேற்றுவார்களா என்பனவே பேச்சு. வவுனியா தாண்டியதும் பேச்சு ஓய்ந்தது. பிள்ளைகளை நீக்கிவிட்டால் எம்மிருவர்க்கும் பேசுதற்கு ஒன்றுமில்லையோ என்ற அச்சம் அப்போது எனக்கு உண்டாயிற்று. ஐம்பது வயதைக் கடந்த தம்பதியர் பலருக்கும் இவ்வச்சம் உண்டென்று எண்ணுகின்றேன். வீட்டிலே இருக்கும்வரை அது வெளிப்படுவதில்லை.

மாலையிலே கோணேசர் கோயிலுக்குச் சென்றோம். பிரெடரிக் கோட்டையினூடாகச் செல்லும் வழியிலே புள்ளிமான்கள் நிற்பதைச் சென்றோர் அறிவர். சந்நிதியிலே ஓதுவார் திருஞானசம்பந்தரின் கோணமலைப் பதிகத்தைப் பாடினார். என் மனைவி உடன் பாடினார். வாய்க்குள் முணுமுணுக்கவில்லை, பண்ணோடு பாடினார். இருபத்தைந்து ஆண்டிலே அவர் பண்ணோடு பாடி நான் கேட்டதில்லை. வெளியே வந்து மலையோரத்திலே கடலைப் பார்த்து நின்றபோது அவர் தாமாகவே சொன்னார். சிறுவயதிலிருந்து பண்ணிசை கற்றவராம். ஆசிரியர் தம் கையால் எழுதிக் கொடுத்த ஏழு கொப்பிகள் இருந்தனவாம். 1995இலே அந்த இரவு ஒரு பையோடு வெளியேறியபோது, நனையாதிருக்கப் பாயிற் சுற்றி அறையிலே வைத்துவிட்டு வந்தாராம். அடுத்த ஆண்டு திரும்பியபோது வீட்டுக்குக் கூரையும் இல்லை, கொப்பிகளும் இல்லை. அன்றோடு பாடுவதை விட்டுவிட்டாராம். “ஏன் சொல்லேல்லை?” என்று கேட்டேன். “எப்ப சொல்லுறது? ஒண்டு மாறி ஒண்டு வந்துகொண்டிருந்துது” என்றார்.

நானும் ஒன்று சொன்னேன். 2006இல் பாதை மூடிய பின்னர், கைக்குழந்தையாயிருந்த மகனுக்குப் பால்மா வாங்குதற்காக என் நிகண்டுகளையும் பழைய உரைப்பதிப்புகளையும் விற்றதைச் சொன்னேன். நூலகத்துக்கு இரவல் கொடுத்ததாக அவர் எண்ணியிருந்தார். இரகுவமிசத்துச் சிலம்பைப் பற்றி முன்னே எழுதினேனே, அதனைப் பலமுறை வகுப்பிலே விளக்கியிருக்கின்றேன். அதன் பொருள் எனக்கு முழுதும் விளங்கியது அம்மலையோரத்திலேதான்.

மறுநாள் கன்னியா வெந்நீர்க் கிணறுகளுக்குச் சென்றோம். ஏழு கிணறுகள், ஒவ்வொன்றின் சூடும் வெவ்வேறு. மிகச் சூடான கிணற்றிலே கைவைத்த என் மனைவி, “இஞ்சாருங்கோ, இது நீங்கள் விடைத்தாள் திருத்தேக்கை வாற சூடு” என்றார். வீட்டிலே இப்படிப் பேசிச் சிரித்தது எந்நாள் என்று எங்கள் இருவர்க்கும் நினைவில்லை.

திரும்பி வந்தபோது வீடு நின்ற இடத்திலே நின்றது. விளக்கு ஏற்றப்பட்டிருந்தது, மாடு வைக்கோல் தின்றிருந்தது. மகன் அவித்த புட்டுக் களியாகிவிட்டதாம். மூவரும் அதனைக் கறிவிட்டுக் கரைத்துண்டு ஒரு நாள் முழுதும் சிரித்தனராம். உணவுக்கும் உடைக்கும் எங்களையே தனித்தனி நாடி வந்த மூன்று பிள்ளைகள், நாங்கள் இல்லாத மூன்று நாளிலே ஒருவரையொருவர் நாடியிருந்தனர். பெற்றோர் சற்றே விலகியதனாற் பிள்ளைகள் பெற்ற பேறு இது. மாமி ஒன்றே கேட்டார்: “என்ன கதைச்சனீங்கள்?” மகள் பதில் சொல்லாமற் சிரித்தாள். செவிலிக்கு அது போதுமாயிருந்தது.

கடல் பிரித்த கிழவனும் கிழத்தியும்

இது ஓர் உல்லாசப் பேச்சென்று எண்ணுவார்க்கு ஊரிலே நடப்பதைக் காட்ட விரும்புகின்றேன். நம் பிள்ளைகள் இன்று கடல்கடந்து வாழ்கின்றனர். மகளுக்குப் பிள்ளைப்பேறு என்றதும் தாய் கனடாவுக்கோ இலண்டனுக்கோ விமானமேறுகின்றார். ஆறு மாதம் என்று சென்றவர், அடுத்த பிள்ளைக்கும் பார்த்துவிட்டு வருகின்றேன் என்கின்றார். தந்தை ஊரிலே வீட்டையும் கிணற்றையும் காத்துக்கொண்டு, கடையிற் சாப்பாடு கட்டுவித்து உண்கின்றார். சில குடும்பங்களிலே தாய் மகளோடு ஒரு நாட்டிலும், தந்தை மகனோடு வேறு நாட்டிலும் பேரப்பிள்ளைகளைப் பார்க்கின்றனர். அறுபதாம் கலியாணத்திலே மாலை மாற்றியவர், எழுபதிலே தொலைபேசித் திரையில் முகம் பார்க்கின்றனர். இதனைச் செய்யும் பிள்ளைகள் கொடியவரல்லர். தம் பெற்றோர் அம்மா என்றும் அப்பா என்றுமே அவர்களுக்குப் பழக்கம். அவ்விருவரும் ஒருவருக்கொருவர் துணைவர் என்பதை அவர்கள் என்றும் கண்டதில்லை, நாமும் காட்டவில்லை.

முப்பது ஆண்டு பிள்ளைகளுக்காக ஒதுங்கியிருந்த இருவரை, முதுமையிலே பிரித்து அனுப்புவது எளிதாகிவிடுகின்றது. இடையிடையே மூன்று நாள் தனித்துச் சென்றுவந்த பெற்றோரைப் பிரிக்கப் பிள்ளைகளுக்கு மனம் வராது. தாயை அழைப்பதாயின் தந்தையையும் அழைக்கவேண்டுமென்று அவர்களுக்குத் தானே தோன்றும்.

செய்யத்தக்கது

ஆகவே இளம் ஆசிரியர்க்கும் பிள்ளைகள் வளர்ந்துவரும் பெற்றோர்க்கும் சிலவற்றைச் சொல்லி அமைகின்றேன். மணநாளை ஆண்டுதோறும் எண்ணிக்கொள்ளுங்கள். அதற்கு மண்டபமும் கடனும் வேண்டா. நீராட்டு விழாவின் ஒளிப்படச் செலவிலே சிறுபகுதி போதும். இருவர் பேருந்திலே திருக்கேதீச்சரமோ கோணேசரோ சென்று ஓரிரவு தங்கலாம். அதற்கும் இயலாதார் கீரிமலைக்குச் சென்று, நீராடி, கடலைப் பார்த்துக்கொண்டு கட்டுச்சோறு உண்டு மாலையிலே திரும்பலாம். பிள்ளைகளை விட்டுச் செல்லுதற்கு அம்மம்மாவோ பெரியம்மாவோ வேண்டும்; ஆதலால் உறவைப் பகையாக்கிக் கொள்ளாதீர்கள். முதியோரும் இதனைக் கேட்கும்வரை காத்திராது, பிள்ளைகளை நாம் பார்க்கின்றோம், நீங்கள் சென்று வாருங்கள் என்று தாமே சொல்லுதல் நன்று. சனம் பேசும். இரண்டாம் முறை சென்றால் பேச்சுக் குறையும். மூன்றாம் முறை தாமும் போகலாமா என்று கேட்பர். எங்கள் தெருவிலே ஏற்கெனவே இருவர் கேட்டுவிட்டனர்.

இளையோருக்கு ஒரு சொல். பெற்றோருக்கு நீங்கள் கொடுக்கும் பரிசு புடைவையும் வேட்டியுமாகவே இருக்கவேண்டியதில்லை. அவர்களுக்கு மூன்று நாளைக் கொடுங்கள். வீட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள், புட்டுக் களியானாலும் உண்ணுங்கள். அவர்கள் திரும்பி வந்தபின் என்ன பேசினர் என்று கேளுங்கள். உங்கள் வீட்டுக் கதையிலே நீங்கள் அறியாத ஏழு கொப்பிகள் இருக்கக்கூடும்.

என் மனைவி இப்போது வெள்ளிக்கிழமைகளிலே இளையவளுக்குப் பண்ணிசை சொல்லிக்கொடுக்கின்றார். இழந்த கொப்பிகளில் எஞ்சியவை அவர் நினைவிலே கிடந்தன. அவற்றை மகள் புதிய கொப்பியிலே எழுதிவருகின்றாள். இதுவரை மூன்றாந் திருமுறைப் பதிகங்கள் பதினொன்று எழுதியாயிற்று.